அந்த ரேகை யாருடையது?

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அவர் சம்பாதித்த வீட்டையும் எண்ணெய்ச் செக்கையும் அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து, போன வருடம் நானும் அம்மாவும் விடுதலைப் பத்திரம் எழுதினோம். அம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் நான்தான் கையைப் பிடித்து ரேகை வைத்தேன். அண்ணன் பேச்சை நான் தட்டியதே இல்லை. இதைச் 'சரணாகதி' என்று மனைவி கேலி செய்கிறாள். அது பக்தியைச் சொல்லும் நல்ல வார்த்தைதானே?
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: நல்ல வார்த்தைதான் தம்பி. உங்களுக்குத்தான் பொருந்தவில்லை. வடமொழியில் சரணம் என்றால் புகலிடம், ஆகதி என்றால் வந்து சேர்வது. தமிழில் அடைக்கலம் புகுதல். பதவிக்காகக் காலில் விழுவதையெல்லாம் சரணாகதி என்று எழுதி எழுதிப் பத்திரிகைக்காரர்கள் நாங்கள்தான் அதைத் தேய்த்துவிட்டோம்.

சரணாகதி என்றதும் வைணவர்கள் காட்டுவது விபீஷணனை. அவன் அண்ணனுக்குத் தலையாட்டியவனா? சீதையைத் திருப்பி அனுப்பு என்று சபையில் சொன்னான், வசவு வாங்கினான், நாலு பேரோடு வெளியேறினான். அதற்குப் பிறகுதான் சரணாகதி. அண்ணனை விட்டுப் போகாத கும்பகர்ணன்கூட, நீ செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போருக்குப் போனான். நீங்கள் வாயே திறக்கவில்லை.

சரி, உங்கள் பங்கைக் கொடுத்தது உங்கள் பாடு. அந்த ரேகைக்கு வருவோம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. நீங்கள் இருவர் மட்டும்தான் பிள்ளைகள் என்றால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுடையது. கண் தெரியாதவருக்கு உதவினேன் என்கிறீர்கள். உதவி அண்ணனுக்கல்லவா போய்ச் சேர்ந்தது? பெற்றவளின் விரலைப் பிடித்து அவள் பங்கை எழுதிக் கொடுப்பதற்கு அண்ணன் மேல் மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் வீட்டில் சரணாகதி செய்தவர் ஒருவர்தான்: அம்மா. உங்களை நம்பிக் கையை நீட்டினார். அடைக்கலமாக வந்த கண்ணகியைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நீங்கள் தீயில் எல்லாம் விழ வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள்.

எல்லாம் தெரிந்து, மனசார விட்டுக்கொடுத்தேன் என்று அம்மா சொன்னால் அது அவர் விருப்பம், நீங்களும் நானும் வாயை மூடிக்கொள்வோம். தெரியாது என்றால் உடனே வக்கீல். இப்படி ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, விஷயம் தெரியவந்ததிலிருந்து 3 வருடம்தான் கெடு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. அண்ணன் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.

அப்புறம், நகலை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். மனைவி வாசிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.