முடிவே இல்லாத செட்டிநாட்டு வீட்டை வரைவது எப்படி?

உங்கள் கேள்வி நீளமானது, மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் ஒரு காமிக்ஸ் வரைகிறீர்கள். கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றில் கள்ளன் ஒருவன் ராத்திரி ஓட்டைப் பிரித்து இறங்குகிறான். உள்ளே போகப் போக வீடு முடியவே மாட்டேன் என்கிறது. இணையத்தில் கிடைத்த படமெல்லாம் சேர்த்தாயிற்று, ஆனாலும் வரைந்து பார்த்தால் பாரம்பரிய ஹோட்டல் விளம்பரம் போலவே இருக்கிறது. கதையையும் பட ஆய்வையும் எப்படி ஒன்றாக ஓட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரைக்குடியில் இருந்துகொண்டு சினிமாவுக்கும் கேம்களுக்கும் உள்ளரங்கம் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. படம் சேர்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்பதுதான் முதல் யோசனை. அந்த வீட்டின் வரவு செலவை எழுதுங்கள். சம்பாதித்தது யார், எந்த ஊரில், பணம் எந்த வருஷம் வருவது நின்றது, இன்றைக்கு எத்தனை பேருக்குப் பங்கு, சாவி யாரிடம் இருக்கிறது. இதற்கெல்லாம் பதில் இருந்தால் தூணும் தரையும் தானாக வந்து நிற்கும். இல்லையென்றால் எத்தனை படம் பார்த்தாலும் வாடகைக்கு எடுத்த மண்டபத்தைத்தான் வரைவீர்கள்.

ஹோட்டல் வாடை அடிப்பதற்குக் காரணம் எளிது. இணையத்தில் நம் கண்ணில் முதலில் படுபவை ஹோட்டலாக மாறிய வீடுகளின் படங்கள். வளவின், அதாவது சுற்றிலும் அறைகள் உள்ள நடு முற்றத்தின், ஒரு மூலையில் நின்று, காலை வெயிலில், தரை மின்ன எடுத்த அதே படம் திரும்பத் திரும்ப வரும். அதில் கதவெல்லாம் திறந்திருக்கும். ஆளில்லாத நிஜ வீட்டில் முக்கால்வாசிக் கதவு பூட்டியிருக்கும். செட்டிநாட்டு வீட்டின் கதையே அந்தப் பூட்டுகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று என்று பிரித்துக் கொடுத்தவை. கல்யாணம் முடிந்ததும் மகனையும் மருமகளையும் வேறு வைப்பது நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின் வழக்கம். ஒரே கூரைக்கடியில் அடுப்பு தனி, சாமான் தனி, கணக்கு தனி. அந்த ஜோடி ஒரு புள்ளி. புள்ளிகள் பெருகப் பெருகப் பங்கும் பிரிந்துகொண்டே போகும், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவார்கள், மற்ற நாளில் வளவு காலி. பள்ளத்தூரில் ஒரு வீட்டை அளந்து வரையப் போனபோது, பூட்டிய அறை ஒன்றைக் காட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கிருந்த ஆச்சியிடம் கேட்டேன். “அது எங்க கொழுந்தனார் பங்கு தம்பி. அவுக வந்தாத்தான் தெறக்கணும். நான் வாக்கப்பட்டு வந்ததுலேருந்து ஒண்ணு ரெண்டு தரம் உள்ள பாத்திருப்பேன்” என்றார். அந்த அறை வாசலில், தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் மங்கிப்போய்க் கிடந்தது. பக்கத்து அறை வாசலில் அதே கல், அதே பூ, முகம் பார்க்கலாம் போல மின்னியது. கால் பட்ட இடம் மின்னும், படாத இடம் மங்கும். எந்தப் புள்ளி ஊரோடு இருக்கிறது, எது வரவே இல்லை என்று தரையே சொல்லிவிடுகிறது. காமிக்ஸில் இதற்கு வசனம் தேவையில்லை, இரண்டு கட்டம் போதும்.

சரி, இனி உங்கள் முடியாத வீட்டுக்கு வருவோம். கற்பனை வீட்டுக்கு ஒரே ஒரு பொய்தான் அனுமதி. மற்றதெல்லாம் அந்தப் பொய்க்குக் கட்டுப்பட்டு உண்மையாக நடந்துகொள்ள வேண்டும். ‘வீடு முடியவில்லை’ என்பது இன்னும் பொய்யாகக்கூட ஆகவில்லை, வெறும் ஆசையாக நிற்கிறது. ஏன் நீள்கிறது, எந்தக் கணக்குப்படி நீள்கிறது என்று முடிவு செய்தால்தான் வரைய ஏதாவது கிடைக்கும்.

பாதி வேலையை நிஜ வீடே செய்து வைத்திருக்கிறது. திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி, கட்டுத்துறை என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் இவை. தலைவாசலில் நின்றால் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் விழுந்து, கடைசியில் பின் தெரு வெளிச்சம் சின்னக் கட்டமாகத் தெரியும். கள்ளனுக்கு அந்த வெளிச்சத்தை முதல் பக்கத்திலேயே காட்டிவிடுங்கள். அவன் நடக்க நடக்க அது பெரிதாகவே இல்லை என்றால் போதும், வாசகருக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு கட்டும் முன்கட்டைவிட ஒரு தலைமுறை பழையது என்று விதி வைப்பேன். முகப்பு 1941.

அந்த வருஷத்தைச் சும்மா சொல்லவில்லை. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ல் கட்டியது. இந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தது. அந்த 1941 டிசம்பரில்தான் ஜப்பான் பர்மாவின் தலைநகர் ரங்கூன்மேல் குண்டு போட்டது, 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. அதற்கு முன்பே அஸ்திவாரம் ஆடிவிட்டது. 1930-களில் நெல் விலை சரிந்து, கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் அவர்களிடம் சேர்ந்திருந்தது. ரொக்கமாக இருந்தது மண்ணாக மாறிவிட்டது, மண்ணைக் கப்பலில் ஏற்ற முடியாது. பெரிய வீடு கட்டும் காலமும் அதோடு முடிந்தது. ஆக, உங்கள் முகப்பு 1941 என்றால் கான்கிரீட் பால்கனி, கோடு கோடாக ஆர்ட் டெக்கோ கம்பி, மின்விசிறி எல்லாம் வரலாம். மேல்மாடி பாதியில் நின்றிருக்கலாம். நிலைக்கு மரம் இழைத்து வைத்தாயிற்று, பூச்சு வேலை ஆகவில்லை. ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, சுவரில் 1942 காலண்டர் ஒன்று தொங்கினால் சரி.

அடுத்த கட்டு 1910 சுமார். கானாடுகாத்தான் அரண்மனை முடிந்தது 1912-ல். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்கிய காலம், சுவரில் ரவி வர்மா அச்சுப்படங்கள் வரிசை கட்டியிருக்கும். அதற்கும் உள்ளே 1870 பக்கம். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, பர்மா அரிசி ஐரோப்பாவுக்குப் போக வழி சுருங்கியது. பணம் இப்போதுதான் வரத் தொடங்குகிறது. இங்கே ஆத்தங்குடிக் கல்லைப் போட்டுவிடாதீர்கள், அது சிமெண்டு புழக்கத்துக்கு வந்த பிறகான சரக்கு. சுண்ணாம்புத் தரை, குட்டைத் தூண், தாழ்ந்த கூரை. இன்னும் உள்ளே போனால் பர்மா என்ற பேச்சே இல்லை, உப்பு விற்ற குடும்பம், மண் சுவர், பனையோலை.

கள்ளனின் சங்கடத்தைப் பாருங்கள். உள்ளே போனால் பெட்டகம் கிடைக்கும் என்று போகிறான், போகப் போக எடுப்பதற்கு ஒன்றுமில்லாத வீடாகிறது. பூட்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. கடைசியில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நகரத்தார் பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபுக் கதை. வீட்டைத் தெரு மட்டத்திலிருந்து இவ்வளவு தூக்கிக் கட்டுவதே கடல் பொங்கிய நினைவால்தான் என்றும் சொல்வார்கள். வரலாற்றாசிரியர் ஏற்பாரோ மாட்டாரோ, கதைக்காரருக்கு இதைவிட நல்ல கடைசிக் கட்டு கிடைக்காது. தாகத்தில் முற்றத்துக் கிடாரத்துத் தண்ணீரைக் கள்ளன் அள்ளிக் குடிக்கிறான், கரிக்கிறது.

இந்த மாதிரி கணக்கை யாரும் செய்ததில்லை என்று நினைக்க வேண்டாம். இத்தாலிக்காரர் பிரனேசி 1750 வாக்கில் முடிவில்லாத கற்பனைச் சிறைகளைப் பொறிப்புப் படங்களாக வெளியிட்டார். 1761-ல் அதே தகடுகளை இன்னும் இருட்டாக்கி, படிக்கட்டும் பாலமும் கூட்டி, மறுபடி அச்சிட்டார். அவர் மற்ற நேரமெல்லாம் ரோமாபுரிச் சிதைவுகளைக் கல் கல்லாகப் பார்த்து வரைந்தவர். எந்தக் கல் எதன்மேல் உட்காரும் என்று கைக்குத் தெரிந்திருந்ததால்தான் எங்கும் போய்ச் சேராத படிக்கட்டைக்கூட நாம் நம்புகிறோம்.

விதி முடிவானதும் பட ஆய்வுக்குத் திரும்புங்கள். இப்போது தேடல் மாறியிருக்கும். ‘செட்டிநாடு வீடு’ என்று தேட மாட்டீர்கள், 1910-ல் விளக்கு எங்கே மாட்டினார்கள், 1870-ல் கதவு எப்படிச் சுழன்றது என்று தேடுவீர்கள். அரண்மனைகளைவிட எனக்குப் பிடித்த இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. இடித்த வீடுகளின் தூண், நிலை, மங்குச் சாமான், யாருடையதென்று தெரியாத தாத்தா படங்கள் எல்லாம் அங்கே கடைகளில் அடுக்கிக் கிடக்கும். அருங்காட்சியகத்தில் தொடக்கூடாது, இங்கே எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். ஒரு பித்தளைச் சட்டியைத் திருப்புங்கள், விளிம்பிலோ அடியிலோ விலாசம் வெட்டியிருக்கும், எந்தக் குடும்பத்துச் சாமான் என்று சொல்லும் இரண்டு மூன்று எழுத்து. ஒரே அறையில் இரண்டு விலாசச் சாமான் இருந்தால் ஒன்று மருமகள் பிறந்த வீட்டுச் சீர். கள்ளன் கையில் எடுக்கும் சட்டியில் அவன் தாத்தா விலாசம் இருந்தால் எப்படி இருக்கும்? (இது உங்களுக்கு இலவசம்.)

எழுத்தில் கிடைப்பதையும் விடாதீர்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த சாமான் பட்டியல், மொய் நோட்டு, கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டுக்குத் தொழில் செய்யப் போன இடத்திலிருந்து வந்த கடிதம், இவை படத்தில் விழாத பொருளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அந்தச் சேகரிப்பே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் சேர்த்தது. புத்தகத்தோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று துண்டுக் காகிதங்களும் அதில் உண்டு. அந்தக் கால எழுத்து வடிவமும் அலங்காரமும் வேண்டுமென்றால் அங்கே ஒரு பகல் உட்காருங்கள்.

தரை வரையும்போது ஒரு எச்சரிக்கை. ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பட்டறையில் நின்று பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை வைத்து அழுத்தி மட்டம் தட்டுகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகும். கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும் பக்கம்தான் முகம். கைவேலை என்பதால் கோடு ஒரு இடத்தில் தடிக்கும், ஒரு இதழ் பக்கத்து நிறத்தில் கொஞ்சம் கசியும். நீங்கள் ஒரு கல்லை வரைந்து கணினியில் நகல் எடுத்து நிரப்பினால் அது பிளாஸ்டிக் விரிப்பாகிவிடும். நாலைந்து கல்லைத் தனித்தனியாகக் கையால் வரைந்து கலந்து போடுங்கள்.

ராத்திரிக் கதை என்பதால் வெளிச்சம் முக்கியம். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு நிலா வெளிச்சத்தையே வாங்கி அடுத்த சுவருக்குக் கொடுக்கும். ஆகவே வளவு கும்மிருட்டாக இருக்காது, சாம்பல் நிறத்தில் இருக்கும். முற்றத்துக்கு மேலே குரங்குக்கும் கள்ளனுக்கும் பயந்து போட்ட கம்பி வலையின் நிழல் தரையில் கட்டம் கட்டமாக விழும். உள் அறைகள்தான் நிஜமான இருட்டு. சத்தமும் சேர்த்து வரையுங்கள். பழைய கதவுகள் கீல் இல்லாமல் குடுமியில் சுழல்பவை, திறந்தால் வீடே முனகும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் படம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு: எடுங்கள், ஆனால் எதை வரையக்கூடாது என்று தெரிந்துகொள்ள. எல்லாப் படத்துக்கும் நடுவான ஒன்றைத்தான் அது தரும், பூட்டிய கதவை அதுவாக வரையாது.

எல்லாக் கட்டையும் இப்போதே முழுசாக வரைந்து தீர்க்க வேண்டாம். கதை எட்டும் கட்டுகளை மட்டும் விவரமாக முடித்துவிட்டு, மற்றதற்கு வருஷமும் தரையும் பூட்டும் குறித்து வைத்தால் போதும். பரணுக்குப் போகும் ஏணியை மட்டும் எந்தக் கட்டில் சாத்தி வைத்திருக்கிறார்கள் என்று இன்றே முடிவு செய்துவிடுங்கள். ஓட்டைப் பிரித்து இறங்கிய ஆள், திரும்பி ஏறுவதற்கு அதைத்தான் தேடப் போகிறான்.