லேத்தை விட்டு வகுப்புக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

கோவையில் 22 வருடம் டர்னர், அதாவது லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கடைந்தவன். இப்போது அப்ரண்டிஸ் பையன்களுக்குச் சொல்லித்தருகிறேன். கேளுங்கள்.

ஓசூர் நண்பர்: ஐ.டி.ஐ. டர்னர் முடித்து 8 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஆக முடியுமா?

தாராளமாக. என்.டி.சி.யோடு (ஐ.டி.ஐ. முடித்தால் கிடைக்கும் தேசியத் தொழில் சான்றிதழ்) 3 வருட அனுபவம் இருந்தால் போதும். கூடவே சி.ஐ.டி.எஸ். என்ற ஒரு வருடப் பயிற்றுநர் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். சென்னையில் கிண்டி என்.எஸ்.டி.ஐ.யில் (தேசியத் திறன் பயிற்சி நிறுவனம்) இருக்கிறது, எங்கள் காலத்து ஆட்கள் இன்னும் ஏ.டி.ஐ. என்று பழைய பெயரைத்தான் சொல்வார்கள். டிப்ளமோக்காரர் வந்து இடத்தைப் பிடித்துவிடுவார் என்று பயப்படாதீர்கள். இரண்டு பயிற்றுநர் வேண்டிய இடத்தில் ஒருவர் டிப்ளமோ அல்லது டிகிரி, இன்னொருவர் ஐ.டி.ஐ. அல்லது அப்ரண்டிஸ் சான்றிதழ் வைத்திருப்பவர் என்பதுதான் விதி.

திருப்பூர் நண்பர்: நான் டிப்ளமோ.

2 வருட அனுபவம். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

சேலம் நண்பர்: வேலை நன்றாகத் தெரியும். சொல்லித்தர வருமா என்றுதான் பயம்.

நல்ல பயம். எனக்கு அது இல்லாமல்தான் முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். ஒரு பையன் ஃபேஸிங் ஓட்டினான், அதாவது சுழலும் இரும்புத் துண்டின் (ஜாப்) முகப்பைச் சமமாக வெட்டினான், நடுவில் மிளகு அளவு முளை நின்றுவிட்டது. நான் போய் டூலுக்கு (வெட்டும் உளிக்கு) அடியில் ஒரு தகடு வைத்தேன், சரியாகிவிட்டது. "எப்படி சார் தெரிந்தது?" என்றான். பதில் வரவில்லை. என் கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

இப்போது இப்படிச் சொல்கிறேன்: மெஷினை நிறுத்து. ஜாபுக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஸ்டீல் ரூலை லேசாகப் பிடி. ரூல் நேராக நின்றால் டூல் சென்டரில், அதாவது ஜாபின் நடு உயரத்தில் இருக்கிறது. ரூலின் தலை உன் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. அப்புறம் வேண்டுமென்றே தாழ்த்தி வைத்து, அந்த முளையை அவனையே வரவழைக்கச் சொல்வேன். பிழையைச் செய்து பார்த்தவன் மறக்க மாட்டான்.

அப்புறம், சக் கீயை (ஜாபைப் பிடிக்கும் சக்கை முறுக்கும் சாவி) சக்கில் விட்டுக் கையை எடுக்கக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அம்பத்தூர் நண்பர்: எல்லாம் இன்செர்ட் (தேய்ந்தால் மாற்றிப்போடும் ரெடிமேட் வெட்டுமுனை) ஆகிவிட்டது. இன்னும் டூல் கிரைண்டிங், டூலைக் கையால் தீட்டுவது எதற்கு?

கிளியரன்ஸ் (வெட்டுமுனைக்குக் கீழே ஜாபில் உரசாதபடி விடும் சரிவு) இல்லாத டூல் வெட்டாது, தேய்க்கும். அந்தச் சத்தத்தைத் தன் கையால் தீட்டிய டூலில் கேட்டவன், சி.என்.சி.யில் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) அதே சத்தம் வந்தால் டூல் நகர்வதை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனை அழுத்துவான். மற்றவன் டிஸ்பிளேயைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அம்பத்தூர் நண்பர்: எங்கள் ஷாப்பில் கிரைண்டரே இல்லை!

அதனால்தான் சின்ன ஜாபுக்குக்கூட இன்செர்ட் கேட்லாக்கைப் புரட்டுகிறீர்கள்.

ராணிப்பேட்டை நண்பர்: அவர் சொல்வதும் நியாயம். புரோகிராம் தெரியாதவனுக்கு இன்று யார் வேலை தருவார்கள்?

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். கிரைண்டிங்கையே ஆறு மாதம் பிடித்துக்கொண்டிருந்தால் அது பையனுக்குச் செய்யும் துரோகம். நான் மூன்று வாரம் தருகிறேன். அதைக் குறைக்க மாட்டேன், எத்தனை பேர் வந்து கேட்டாலும்.

மதுரை நண்பர்: பயிற்றுநர் ஆக என்ன தகுதி வேண்டும்?

முதல் கேள்வியைப் படியுங்கள்.

நெல்லை நண்பர்: சார், தகுதி...

முதல் கேள்வி, தம்பி.

கரூர் நண்பர்: சம்பளம் குறையுமா?

ஓவர்டைம் போய்விடும். மீதியை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

ஈரோடு நண்பர்: பையன்கள் கிளவுஸ் போட்டு லேத் ஓட்டலாமா?

கூடாது. சுழல்கிற ஜாபில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். மோதிரம், கைக்கயிறு, முழுக்கைச் சட்டை எல்லாம் அதே கதைதான். சக் கீ பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன், திரும்பவும் சொல்கிறேன்.