யூடியூப், ஃபேஸ்புக் பார்த்துப் பார்த்து அப்பா அரசியலில் ஒரே பக்கமாகப் பேசுகிறார். எப்படிப் புரியவைப்பது?

அப்பாவோடு சண்டை போட்டு ஓய்ந்துபோய்த்தான் கேட்டிருப்பீர்கள். வாதம் வேண்டாம். அவர் போனை வாங்கி ஒரு மணி நேரம் பாருங்கள், உங்கள் போனை அவரிடம் கொடுங்கள். ஏன் என்று என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். 2023 மார்ச் முதல் வாரம், தமிழ்நாட்டில் பிகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கும் பிகார் தம்பி ஒருவன் அன்று மிஷினில் உட்காரவே இல்லை. "அண்ணா, அம்மா அழுவுது, ஊருக்குப் போறேன்" என்றான். எல்லாம் பொய்டா, டி.ஜி.பி. சைலேந்திர பாபுவே மறுத்துப் பேசியிருக்கார் என்றேன். அந்த மறுப்பு எனக்குப் பத்துத் தடவை வந்திருந்தது. அவனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அவன் போன் முழுக்க ரத்தம். எங்கேயோ நடந்த சண்டைகளுக்கு மேலே இந்தியில் 'தமிழ்நாடு' என்று எழுதியிருந்தது.

பாவம், ஏமாந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அப்போது கேட்டான்: "ஜனவரில நீங்க எனக்கு ஒரு வீடியோ காட்டுனீங்களே, அது மட்டும்?"

காட்டினேன்தான். அனுப்பர்பாளையம் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்கள் நம் ஆட்களை விரட்டும் வீடியோ. "உங்க ஆளுங்க பண்றதைப் பாரு" என்று அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அது பொய்யில்லை, நடந்ததுதான். ஆனால் சிகரெட் புகையில் ஆரம்பித்த தகராறு என்று போலீஸ் சொன்னது எனக்கு வரவில்லை, நானும் தேடவில்லை. அதன் பிறகு என் போனில் இதே மாதிரி வீடியோக்கள்தான், எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்தேன். யூடியூப் 2012லிருந்தே நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதையும் முக்கியமாக வைத்துத்தான் அடுத்ததைத் தள்ளுகிறது.

பொய் வீடியோவைவிட இந்தப் பாதி உண்மைக்குத்தான் நான் பயப்படுகிறேன். பொய்யை போலீஸ் மறுக்கும், பிகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போகும். உண்மையில் ஒரு பாதியை மட்டும் காட்டினால் யார் வந்து மறுப்பது?

"வடக்கனுக்கு வக்காலத்தா, நீ எந்தக் கட்சி?" என்று கீழே வருவீர்கள், தெரியும். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. நம் ஆட்களுக்குக் கூலி ஏறவில்லை என்கிற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 2022 மே மாதம் நூல் விலை ஏறி இரண்டு நாள் ஊரே வேலைநிறுத்தம் செய்தோமே, அந்த இரண்டு நாளும் என் போனில் அதைப் பற்றி ஒரு வீடியோ வரவில்லை. எங்கள் வயிற்றைத் தொட்ட விஷயம் அது. இன்றைக்கும் ஆறவில்லை.

தம்பி ஹோலிக்குப் போய் மே மாதம்தான் திரும்பினான். வந்த அன்றே அந்த ஜனவரி வீடியோவுக்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா" என்றான். அவனோடு போன ஏழு பேரில் மூன்று பேர் வரவே இல்லை.