எலைசா நான்காம் அங்கத்தில் ஏன் கலங்குகிறாள்

பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தில், முன்பு பூ விற்றுவந்த எலைசா “இனி என் கதி என்ன” என்று கலங்குவதை உங்கள் கட்டுரைக்காகக் காதல் ஏமாற்றமாகப் படித்திருக்கிறீர்கள்; ஆனால் அவள் கலங்குவது காதல் ஏமாற்றத்தால் அன்று. ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸின் பயிற்சி அவளுக்குச் சீமாட்டியின் பேச்சைக் கொடுத்ததே தவிர, அந்தப் பேச்சோடு வாழ்வதற்கான பிழைப்பைக் கொடுக்கவில்லை. முன்பு பூக்களைத்தான் விற்றதாகவும், தன்னை விற்கவில்லை என்றும், சீமாட்டியாக்கப்பட்ட பிறகு தன்னைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லை என்றும் அவளே சொல்கிறாள். ஷாவின் வர்க்க விமர்சனம் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் அதைக் காதலாகப் படித்ததற்கு, அவள் ஹிக்கின்ஸிடமே திரும்புவதாக முடியும் ‘மை ஃபேர் லேடி’ என்ற 1964 திரைப்படம் காரணமாக இருக்கலாம்.

ஐந்தாம் அங்கத்தில் அவள் ஹிக்கின்ஸின் நண்பர் பிக்கரிங்கிடம் பேசும் பகுதியை மட்டும் தனியே வாசித்துப் பாருங்கள். அவர் முதல் நாளே ‘மிஸ் டூலிட்டில்’ என்று அழைத்ததில்தான் தன் சுயமரியாதை தொடங்கியது என்கிறாள். ஆகவே அவளை மாற்றியது உச்சரிப்புப் பாடம் மட்டுமல்ல.

தன்னைக் காதலிக்கும் ஃபிரெடியை மணக்கப்போவதாக அவள் மேடையில் சொன்னாலும், அந்தத் திருமணமும் பூக்கடையும் 1916இல் ஷா சேர்த்த உரைநடைப் பின்னுரையில்தான் வருகின்றன; அவற்றைக் கட்டுரையில் நாடகத்தின் முடிவாகக் காட்டாதீர்கள்.