தாய்க்குச் சீனித் தண்ணீர், சேய்க்கு வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 26 வாரக் கர்ப்பம். இனிப்புநீர் (நீரிழிவு) சோதனைக்குக் கொடுத்த சீனித் தண்ணீரைக் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டேன். மறுபடியும் வரச் சொல்கிறார் மிஸ்ஸி (தாதி). எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இனிப்புநீர் இல்லை. கட்டாயம் போக வேண்டுமா?
– வாசகி (29 வயது), ஆயர் ஈத்தாம்

பதில்: போகத்தான் வேண்டும். வாந்தியோடு சீனியும் வெளியேறிவிட்டதால் அன்றைய சோதனை செல்லாது. 25 வயது நிரம்பிய கர்ப்பிணிகளுக்கு, வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் இந்தச் சோதனை உண்டு. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பது அந்தக் காலத்தில் கூடுகிறது. அதனால் பரம்பரையில் இல்லாதவருக்கும் வரும்.

முதல் நாள் இரவு 10 மணிக்குள் வழக்கமான சாப்பாட்டை முடியுங்கள். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும்தான். காலையில் ‘ஒரு வாய் காப்பிதானே’ என்று குடித்தாலும் சோதனை கெட்டது. முதல் ரத்தம் எடுத்தபின் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் தருவார்கள். மடமடவென்று ஊற்றிக்கொண்டால் குமட்டும். 5 நிமிடத்துக்குள் முடித்தால் போதும், மிடறு மிடறாகக் குடியுங்கள். பிறகு 2 மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். அந்த இடைவெளியில் பசாருக்குப் போய் வந்தால், நடையில் சீனி செலவாகி அளவு பொய்யாக இறங்கும். வெறும் வயிற்றில் 5.1 mmol/L, இரண்டு மணி நேரம் கழித்து 7.8 mmol/L: இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால இனிப்புநீர்தான்.

இருப்பதாகத் தெரிந்தால் முதலில் சாப்பாட்டை மாற்றச் சொல்வார்கள். பிறகு ஒரு நாள் குறித்து, விரலில் குத்திப் பலமுறை அளவு பார்ப்பார்கள். அந்த நாளில் மட்டும் அரைப் பட்டினி கிடந்து நல்ல அளவைக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் டாக்டர் இன்சுலின் வேண்டுமா என்று முடிவெடுப்பார். நீங்கள் மறைத்த சீனியில் குழந்தை பெருத்துக்கொண்டே போகும். பிரசவத்தில் தோள் சிக்குவதும், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் ரத்தத்தில் சீனி திடீரென்று சரிவதும் இதனால்தான். தினமும் சாப்பிடுவதையே அன்றும் சாப்பிடுங்கள். குறைக்க வேண்டுமென்றால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரையும் மைலோவையும் இன்றே குறையுங்கள். கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் பால்மாவிலும் சீனி எவ்வளவு என்று டின்னைத் திருப்பிப் பாருங்கள். பிரசவமாகி 6 வாரத்தில் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது அதைத்தான்.

கேள்வி: அடுத்த மாதம் என் மனைவிக்குப் பிரசவம். பினாங்கில் பிள்ளை பெற்று, 40 நாள் கோலாலம்பூர் செந்தூலில் தாய் வீட்டில் இருப்பார். வீட்டுக்கு வரும் மிஸ்ஸி அங்கேயும் வருவாரா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: வருவார், ஆனால் முகவரியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இப்போதே கிளினிக்கில் சொல்லிவையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது செந்தூல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறுபடி கொடுங்கள். அடையாளக் கார்டில் உள்ள பினாங்கு முகவரியே பதிவாகிவிட்டால் பூட்டிய வீட்டைத்தான் தட்டுவார்கள். போய்ச் சேர்ந்த அன்றே அங்குள்ள கிளினிக்கிற்கும் ஒரு போன் போடுங்கள். கிளினிக்கில் தரும் தாயின் புத்தகம், பிள்ளையின் புத்தகம் இரண்டும் கையோடு போகட்டும். பிரசவத்துக்குப் பின் 1, 2, 3, 4, 6, 8, 10, 15, 20ஆம் நாட்கள் மிஸ்ஸி வந்து பார்க்கும் நாட்கள்.

மாமியாரிடம் பக்குவமாக ஒன்று சொல்லுங்கள்: பத்தியம் இருக்கட்டும், தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டாம். தண்ணீர் குறைந்து, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், பார்வை மங்கலோடு கடும் தலைவலி, ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுதும் நனைவது: இவற்றில் எது வந்தாலும் மிஸ்ஸிக்காகக் காத்திருக்காமல் 999 அழையுங்கள்.

நீங்கள் தனியார் நிறுவனத்தில் வேலை செய்தால், ஒரே முதலாளியிடம் 12 மாதம் முடித்திருந்தால், 7 நாள் தந்தை விடுப்பு உண்டு. இது 2023 ஜனவரி முதல் சட்டம். பிரசவ தேதிக்கு 30 நாள் முன்பே முதலாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதால் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பேரன் பிறந்து 7 நாள். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறை என்றார்கள். மஞ்சள் இன்னும் இருக்கிறது. காலை வெயிலில் காட்டுகிறேன், குளுக்கோஸ் தண்ணீரும் கொடுக்கிறேன். மிஸ்ஸி இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார். என் பிள்ளைகளை இப்படித்தானே வளர்த்தேன்?
– ஒரு பாட்டி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, மிஸ்ஸி சொல்வதைக் கேளுங்கள். சிவப்பணு உடையும்போது வரும் பிலிருபின்தான் இந்த மஞ்சள். அது பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும். தாய்ப்பால் நிறைய உள்ளே போனால்தான் மலம் நன்றாகப் போகும். குளுக்கோஸ் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைத்துவிடும், மஞ்சள் கூடும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்கட்டும், தூங்கினாலும் எழுப்பி.

ஆஸ்பத்திரியில் வைப்பது தேர்ந்தெடுத்த நீல ஒளி. வெற்றுடம்பில் மணிக்கணக்காகப் படும். வெயிலில் அந்த அளவு கிடைக்காது. தோல் சூடாகி உடம்பு வறளும், ‘வைத்தியம் நடக்கிறது’ என்ற நினைப்பில் ரத்தச் சோதனையும் தள்ளிப்போகும். ஜி6பிடி குறை உள்ள பிள்ளைக்குச் சிவப்பணு திடீரென்று மளமளவென உடையலாம். மஞ்சள் எல்லை மீறினால் மூளையைத் தாக்கும், காது கேட்காமலே போகலாம். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

அலமாரியில் அந்துருண்டை போட்டிருந்தால் இன்றே வெளியே எடுங்கள். அந்த வாசனை ஏறிய பழைய துணியைப் பேரனுக்குப் போடாதீர்கள். கைகால்களில் மருதாணி வேண்டாம். நாட்டு மருந்து எதுவும் வாயில் வைக்க வேண்டாம், தாயும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். வளர்ந்த பிறகும் எந்த மருந்து வாங்கினாலும் இந்தக் குறையைச் சொல்ல வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் கால் வரை இறங்கியிருந்தால் அன்றே போங்கள். நம் நிறத்தில் கண் ஏமாற்றும், அதனால் ரத்தச் சோதனையை விடாதீர்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சென்று அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14 நாள் கடந்தும் மஞ்சள் இருந்தால் தனிச் சோதனை உண்டு. மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: சளி என்று 3ஆம் மாத ஊசியைத் தள்ளிப்போட்டேன். இப்போது 5 மாதம். முதலிலிருந்து போட வேண்டுமா?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 2, 3, 5ஆம் மாதங்களில் போடும் அந்த ஊசி ஆறு நோய்களுக்கானது. 4ஆம் மாத நிமோகாக்கல் ஊசியும் விட்டுப்போயிருக்கிறதா என்று புத்தகத்தைப் பாருங்கள். லேசான சளிக்கு ஊசியை நிறுத்தத் தேவையில்லை. காய்ச்சல் இருந்தால் மட்டும் மிஸ்ஸியிடம் சொல்லி வேறு தேதி வாங்குங்கள்.