மாப்பிள்ளையின் எண்ணுக்குப் போன பொங்கல் சீர்

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா கட்டிய வீட்டில் மனைவி, மகளோடு வசிக்கிறேன். ஒரே தங்கை, திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா இருந்தவரை மாட்டுப் பொங்கலுக்குத் தங்கை பிள்ளைகளோடு வந்துவிடுவாள். சித்தப்பா குடும்பம், என் நண்பர்கள் என்று வீடு நிறைந்திருக்கும். அப்பா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன; கடந்த மூன்று பொங்கலுக்கும் அவள் வரவில்லை. அழைத்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டில் வேலை என்று ஏதாவது சொல்கிறாள். சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். சீரிலும் நான் குறை வைக்கவில்லை, ஆண்டு தவறாமல் மாப்பிள்ளையின் கூகுள் பே எண்ணுக்கு 5,000 ரூபாய் அனுப்பிவிடுகிறேன். சொந்த வீடு கட்டியதும் அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்கிறாள் என் மனைவி. 12 வயது மகளோ, அத்தை ஏன் வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெரியவர்களை வைத்துப் பேசலாமா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் தங்கை செய்யாதவை வரிசையாக இருக்கின்றன, நீங்கள் செய்தது என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையும், உங்கள் மீது குற்றமில்லை என்று காட்டுவதற்காகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையின் எண்ணுக்கு 5,000 ரூபாய். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பணத்தை உங்கள் தங்கை கண்ணால் பார்த்தாரா? மாப்பிள்ளையின் கைப்பேசி ஒரு முறை ஒலித்திருக்கும். அவர் அலுவலகத்திலோ கடைத்தெருவிலோ இருந்திருப்பார். அந்த மாதத்து வீட்டுக் கடன் தவணையோடும் பால் கணக்கோடும் அந்தத் தொகையும் கலந்து கரைந்திருக்கும். நினைவிருந்தால், இரவு சாப்பிடும்போது, "உன் அண்ணன் பணம் போட்டிருக்கிறார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். தங்கைக்கும் கைப்பேசி இருக்கிறது, அவருடைய எண்ணும் உங்களிடம் இருக்கிறது. ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு அந்த எண்ணைத்தானே அழைக்கிறீர்கள்? சீர் கொடுக்கும்போது மட்டும் அது எப்படி மறந்துபோனது?

உங்கள் அப்பா இருந்தபோது சீர் எப்படிப் போனது என்று நீங்கள் எழுதவில்லை. தஞ்சைப் பக்கத்துக் குடும்பம் என்பதால் என்னால் ஊகிக்க முடிகிறது. பச்சரிசி, வெல்லம், தேங்காய், ஒரு சீப்போ தாரோ வாழைப்பழம், கரும்பு, வேரோடும் இலையோடும் பிடுங்கிய மஞ்சள் கொத்து, மகளுக்கு ஒரு புடவை. இவற்றைத் தூக்கிக்கொண்டு, போகிக்கு முன்பே அவர் திருச்சிக்குப் பேருந்து ஏறியிருப்பார். முன்பே போக வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பிறந்த வீட்டு அரிசியும் வெல்லமும் புகுந்த வீட்டுப் பானையில் விழ வேண்டும், பிறந்த வீட்டு மஞ்சள் கொத்தை அந்தப் பானையின் கழுத்தில் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் பால் பொங்கும். அப்பா முதலில் போய் உங்கள் தங்கையின் வாசலில் நின்றார். அதனால் மாட்டுப் பொங்கலன்று தங்கை உங்கள் வாசலுக்கு வந்தார். முதல் பாதியை நிறுத்தியது நீங்கள். இரண்டாவது பாதி ஏன் நின்றது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

என் அண்ணன் அதிகம் பேசாத மனிதர். சீரோடு வந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார். கரும்புக்கு நடத்துநர் தனியாகக் கட்டணம் வாங்கிவிட்டார் என்று அலுத்துக்கொண்டே உள்ளே வருவார், காப்பி குடிப்பார், என் மாமியாரிடம் இரண்டு வார்த்தை பேசுவார், தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுக்களை வரை வந்து ஒரு பார்வை பார்ப்பார். அரிசி டப்பா நிறைந்திருக்கிறதா, என் முகம் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் இளைத்திருக்கின்றனவா என்பதையெல்லாம் அந்த ஒரு பார்வையில் அளந்துகொண்டு போய் அம்மாவிடம் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். எதிர் வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள்: இவளுக்கும் ஆள் இருக்கிறது. புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு அந்தக் கரும்புக் கட்டு எவ்வளவு பெரிய பலம் என்பது ஆண்களுக்குப் புரிவதில்லை. "பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கும்போது, பணம் அனுப்பியிருக்கிறார்கள் என்று எந்தப் பெண்ணாலும் தலை நிமிர்ந்து சொல்ல முடியாது.

உங்கள் தங்கை இருக்கும் ஊரிலேயே இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சமயபுரம் மாரியம்மனை ஸ்ரீரங்கம் ரங்கநாதரின் தங்கையாகக் கருதுகிறார்கள். பொங்கல் வரும் அதே தை மாதத்தில், பூச விழாவுக்கு அம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளும்போது, அண்ணன் வீட்டுச் சீராகப் பட்டுப்புடவையும் மாலையும் பழங்களும் மங்கலப் பொருட்களும் ஸ்ரீரங்கம் கோயிலிலிருந்து ஆண்டுதோறும் கொண்டுவரப்படுகின்றன. பள்ளிகொண்ட பெருமாளே தங்கைக்குச் சீரை ஆற்றங்கரை வரை அனுப்பிவைக்கிறார் என்று நம்புகிற ஊரில், நடமாடும் அண்ணன் ஒருவர் மூன்று ஆண்டுகளாக வீட்டை விட்டு அசையவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கத்து முதியவர் ஒருவர், தலையில் கரும்புக் கட்டை வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்து மகளுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. நீங்களும் பார்த்து நண்பர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் அண்ணன்மார் பணம் அனுப்பினால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ரேஷன் கடையில்கூடப் பொங்கல் தொகுப்பு என்று சொல்லி முழுக் கரும்பைக் கையில்தான் கொடுத்தார்கள்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன்; அந்த 5,000 ரூபாயின் கனம் அதை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு தந்தை தானே சம்பாதித்துக் கட்டிய வீட்டை உயில் எழுதாமல் விட்டுப் போனால், மகனுக்கும் மகளுக்கும் அதில் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. அப்போது ஏற்கெனவே மணமாகியிருந்த பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் நாடு முழுவதற்குமாக வந்த திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. நிலத்திலும் வீட்டிலும் பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்றிருந்த காலத்தில், அவளுடைய உரிமையை ஊரறிய ஆண்டுக்கு ஒரு முறை ஒப்புக்கொள்ளும் வழியாகத்தான் இந்தச் சீர்கள் இருந்தன என்று நான் நினைக்கிறேன். உங்கள் தங்கை சட்டம் கொடுத்த பங்கையும் எழுதிக் கொடுத்துவிட்டு, சீரும் கையில் வாங்காமல் இருக்கிறார். கேட்டவுடன் கொடுத்துவிட்டாள் என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். கேட்டவுடன் கொடுத்தவருக்குப் பதிலாக என்ன கொடுத்தோம் என்று ஒரு நாளாவது மனைவியும் நீங்களும் உட்கார்ந்து பேசியதுண்டா? விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கத் திருச்சிக்குப் போனீர்களா, அல்லது அதற்கும் அவரைத்தான் கும்பகோணத்துப் பதிவு அலுவலகத்துக்கு வரச் சொன்னீர்களா?

தலைக்கனம் என்ற சொல்லை உங்கள் வீட்டில் இனி யாரும் சொல்ல வேண்டாம், அதிலும் 12 வயதுப் பெண்ணின் காதில் விழும்படி. அவளும் ஒரு நாள் இன்னொரு வீட்டில் பொங்கல் பானை வைப்பாள். அன்றைக்கு அவளைத் தேடிப் போக வேண்டியவரும் நீங்கள்தான்.

பெரியவர்களை வைத்துப் பேசுவதா? எதற்கு? உங்கள் தங்கை வழக்கு எதுவும் தொடுக்கவில்லை, சண்டையும் போடவில்லை, பரீட்சை என்று மரியாதையாக ஒரு சாக்குச் சொல்லி ஒதுங்கியிருக்கிறார். சித்தப்பாவை அனுப்பி அவரை விசாரிக்கச் சொன்னால், செய்த பிழையின் மேல் இன்னொரு பிழையைச் செய்தவராவீர்கள்.

வரும் மார்கழிக் கடைசியில், போகிக்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு நீங்களே போங்கள். வரட்டுமா என்று கேட்காதீர்கள், வருகிறேன் என்று முந்தைய நாள் தங்கையின் எண்ணுக்குச் சொல்லுங்கள். புடவையை உங்கள் மனைவி தன் கையால் அவரிடம் கொடுக்கட்டும். உட்கார்ந்து சாப்பிடுங்கள்; அவர் கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்து, நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஏன் வருவதில்லை என்ற கேள்வியை அன்று எடுக்கவே வேண்டாம். அவர் அழுதாலோ, அப்பா போனதோடு எல்லாம் போயிற்று என்று நாலு வார்த்தை கடிந்து சொன்னாலோ, பணம் அனுப்பினேனே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாட்டுப் பொங்கலுக்கு வரச் சொல்லி வாசலில் விடைபெறும்போது ஒரு முறை அழையுங்கள், ஒரே முறை. இந்த ஆண்டு வராமலும் போகலாம். மூன்று ஆண்டுகள் நீங்கள் போகவில்லை, அவர் ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டால் அதில் கோபித்துக்கொள்ள உங்களுக்கு இடமில்லை. அப்படி வராவிட்டால், காணும் பொங்கலன்று மகளை அழைத்துக்கொண்டு மறுபடியும் திருச்சிக்குப் போங்கள். உறவைத் தேடிப் போய்க் காண்பதற்குத்தான் அந்த நாள். அத்தை ஏன் வருவதில்லை என்ற அவள் கேள்விக்கு வழியில் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

கரும்பைத் தோகை வெட்டாமல் முழுதாக வாங்குங்கள். பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்று நடத்துநர் சொன்னால், தஞ்சாவூர் வழியாக ரயில் இருக்கிறது; அதுவும் சரிப்படாவிட்டால் வாடகைக் கார் பிடித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் எண்ணுக்கு அனுப்ப வைத்திருக்கும் 5,000 ரூபாய் அதற்குக் கைகொடுக்கும்.