வாசகர் கேள்வி–பதில்: கான்வாயும் நீர்மூழ்கியும்

போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களைக் கூட்டமாக அனுப்பினார்களே, ஒரே இடத்தில் 40 கப்பல் கிடைத்தால் எதிரிக்குக் கொண்டாட்டம்தானே அண்ணாச்சி?
– வாசகர், அம்பாசமுத்திரம்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் மேலிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. 1917 ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்கள் மூழ்கிய பிறகுதான் கான்வாய்க்கு, அதாவது காவல்கப்பல் துணையோடு கூட்டமாகப் போகும் முறைக்கு, இறங்கி வந்தார்கள்.

தனிக் கப்பலின் புகை 10 கடல் மைல் தூரத்துக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கப்பல் தனித்தனியே போனால், 10 மைல் ஆரமுள்ள 40 வட்டங்கள் கடலெங்கும் சிதறிக் கிடக்கும். எங்கே காத்திருந்தாலும் ஒன்று அகப்படும். சேர்ந்து போனால் ஒரே வட்டம், ஆரம் 12 மைல் ஆகும், அவ்வளவுதான். பெரும்பாலான நீர்மூழ்கிகள் வெறுங்கடலைப் பார்த்தபடி டீசலைத் தீர்த்துவிட்டுத் திரும்பும்.

கண்ணில் பட்டாலும் எல்லாவற்றையும் சுட முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஏழாம் வகை 'சி' நீர்மூழ்கிப் படகுக்கு டார்பிடோ (நீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் குண்டு) விட முன்னால் 4 குழாய், பின்னால் 1. அவை காலியானால் மறுபடி நிரப்ப வேண்டும். டார்பிடோ ஒன்று 7 மீட்டர் நீளம், ஒன்றரை டன் எடை. ஆடும் படகில் சங்கிலி, கப்பி போட்டு இழுத்து ஏற்றுவதற்குள் கூட்டம் தாண்டிப் போய்விடும்.

அணிவகுப்பிலும் சூட்சுமம் உண்டு. நீளவாட்டில் போகாமல் அகலவாட்டில் போவார்கள். 40 கப்பல் என்றால் பக்கம் பக்கமாக 10 வரிசை, வரிசைக்கு முன்பின்னாக 4 கப்பல். வரிசைகளுக்கு நடுவே ஏறத்தாழ 900 மீட்டர், முன்பின் கப்பல்களுக்கு நடுவே 400, 500 மீட்டர். டார்பிடோ பெரும்பாலும் பக்கவாட்டில் இருந்துதான் வரும் என்பதால் பக்கத்தைக் குறுக்கி வைத்தார்கள். எண்ணெய்க் கப்பலும் வெடிமருந்துக் கப்பலும் உள்வரிசைகளில். கரும்புகை விடக்கூடாது, இரவில் விளக்கு கசியக்கூடாது. குப்பையைப் பகலில் கொட்டினால் மிதந்து வழிகாட்டும்; பொழுது சாய்ந்த பிறகே கொட்ட வேண்டும். எஞ்சின் கோளாறில் பின்தங்கிய கப்பல்தான் முதலில் அடிவாங்கும்.

கூட்டம் பெருகப் பெருகப் பாதுகாப்பு கூடும் என்பதைப் பிற்பாடு பிளாக்கெட் என்ற இயற்பியலாளரின் குழு கணக்குப் போட்டுக் காட்டியது. பரப்பு நான்கு மடங்கானாலும் காவல் காக்க வேண்டிய சுற்றளவு இரண்டு மடங்குதானே ஆகும்? 1944-ல் எச்.எக்ஸ்.எஸ். 300 என்ற கான்வாய் 167 கப்பல்களுடன் ஒரு கப்பலையும் இழக்காமல் அட்லாண்டிக்கைக் கடந்தது.

ஓடுகிற கப்பலுக்கு எப்படிக் குறி வைப்பார்கள்?
– தோணித் தொழிலில் இருப்பவர், தூத்துக்குடி

கப்பல் இருக்கும் இடத்தை விட்டு, அது வந்து சேரப் போகும் இடத்துக்குச் சுடுவார்கள். மின்சார டார்பிடோவின் வேகம் 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்), அதாவது நொடிக்கு 15.4 மீட்டர். 1,000 மீட்டர் ஓட 65 நொடி. அதற்குள் 8 நாட்டில் போகும் கப்பல் 267 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே ஏறத்தாழ 15 பாகை முன்தள்ளிக் குறி.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், வேகத்தை மதிப்பிடுவதில். 1 நாட் பிசகினால் 1,000 மீட்டரில் 33 மீட்டர்தான் விலகும். 130 மீட்டர் நீளக் கப்பலின் நடுவில் விழ வேண்டியது கொஞ்சம் தள்ளி விழும், ஆனால் விழும். அதே பிசகு 3,000 மீட்டரில் 100 மீட்டராகிவிடும். டார்பிடோ கடலைத்தான் குத்தும். கான்வாய்கள் அவ்வப்போது வளைந்து நெளிந்து போனது இந்தக் கணக்கைக் குழப்பத்தான். போரின் தொடக்கத்தில் ஜெர்மன் டார்பிடோக்களே ஆழம் தவறி ஓடின, காந்த விசை வெடிப்பான்கள் காலை வாரின. 1940 நார்வே போரில் இதனால் பல இரைகள் தப்பின.

எம்டன் நீர்மூழ்கிக் கப்பலா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்செந்தூர்

இல்லை சார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட எம்டன், மூன்று புகைபோக்கி கொண்ட ஜெர்மன் குரூஸர் வகைப் போர்க்கப்பல். தண்ணீருக்கு மேலேயே ஓடியது. நவம்பர் 9-ல் கொக்கோஸ் தீவருகே அதை முடித்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி', ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றி வந்த கான்வாயின் காவலிலிருந்து பிரிந்து போன கப்பல்.

சோனார் இருந்தும் ஏன் அத்தனை கப்பல்கள் மூழ்கின?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

நல்ல கேள்வி, அம்மா. அந்தக் கால நீர்மூழ்கி, தேவைப்பட்டால் முங்கத் தெரிந்த மேற்பரப்புப் படகுதான். டீசலில் மேலே 17 நாட். அடியில் பேட்டரியில் 4 நாட் வேகத்தில் 80 மைல் போனால் தீர்ந்தது. ஆகவே இரவில் முங்காமலேயே வந்து சுட்டார்கள். சோனார் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுத் தண்ணீருக்குள் தேடும் கருவி. மேலே மிதக்கும் படகு அதற்கு அநேகமாக அகப்படாது. தாழ்ந்த உருவம் என்பதால் காவலாளின் கண்ணுக்கும் தெரியாது. 1940 அக்டோபரில் எஸ்.சி. 7 கான்வாயின் 35 கப்பல்களில் 20 போனது இப்படித்தான்.

முங்கிய பிறகும் சிக்கல். பக்கத்தில் நெருங்கியதும் சோனார் கற்றை படகைத் தாண்டிப் போய்விடும். கடைசிக் கட்டத்தில் காவல்கப்பல் குருடு. பின்புறமிருந்து உருட்டிவிடும் ஆழ்வெடி நொடிக்கு 3 மீட்டர்தான் இறங்கும். 100 மீட்டர் போக அரை நிமிடத்துக்கு மேல்; அதற்குள் படகு 100 மீட்டர் விலகிவிடும். படகின் உடலைப் பிளக்க வெடி ஆறேழு மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். வெடித்துக் கலங்கிய நீரில் சிறிது நேரம் எதுவும் கேட்காது. இதற்கு மாற்றாக வந்த 'ஹெட்ஜ்ஹாக்' 24 சிறு குண்டுகளை 200 மீட்டருக்கு மேல் முன்னால் வீசும். பட்டால்தான் வெடிக்கும், படாவிட்டால் சத்தமில்லை, தொடர்பும் அறுபடாது.

நம் பக்கத்து வெப்பக் கடலில் இன்னொரு தொல்லை. மேல்நீர் சூடு, கீழே குளிர். தாமிரபரணியில் ஊன்றிய கம்பு வளைந்து தெரிவதுபோல ஒலியும் அந்த எல்லையில் வளையும். அதற்கு அடியில் பதுங்கிய படகு எளிதில் சிக்காது.

ஆட்டத்தை மாற்றியது விமானமும், மேலே மிதக்கும் படகை இருட்டிலும் காட்டிக்கொடுத்த 10 சென்டிமீட்டர் அலைநீள ரேடாரும். மேலே வர முடியாத படகு 8 நாட் கான்வாயைக்கூடத் துரத்த முடியாது. மூழ்கடிக்காமல் முங்க வைத்தாலே பாதி வெற்றி. 1943 மே மாதத்தில் 41 படகுகளை இழந்து, 24-ம் தேதி ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தம் படகுகளை விலக்கிக்கொண்டார்.

நம் கடல் பக்கம் இப்படி நடந்ததுண்டா?
– வாசகர், உவரி

உண்டு. 1944 பிப்ரவரி 12. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த கே.ஆர். 8 கான்வாய், குமரிமுனைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 500 கடல் மைலில், மாலத்தீவுப் பக்கம். ஐந்து படைக் கப்பல்களுக்கு ஒரு குரூஸர், இரண்டு டெஸ்ட்ராயர் காவல். ஜப்பானின் ஐ-27 நீர்மூழ்கி, அவற்றில் ஒன்றான 'கெடிவ் இஸ்மாயில்' படைக் கப்பலை டார்பிடோவால் அடித்தது. சில நிமிடத்தில் மூழ்கி, 1,300 பேரளவில் மாண்டனர். தத்தளித்தவர்களுக்கு அடியிலேயே நீர்மூழ்கி பதுங்க, டெஸ்ட்ராயர்கள் அங்கேயே ஆழ்வெடி போட வேண்டியதாயிற்று. மேலே வந்த ஐ-27-ஐ குண்டுகளால் துளைக்க முடியவில்லை; 'பெட்டார்ட்' என்ற டெஸ்ட்ராயர் விட்ட ஏழாவது டார்பிடோதான் முடித்தது.

விஜயநாராயணத்துக் கோபுரங்களுக்கும் நீர்மூழ்கிக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், நாங்குநேரி

அது நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 1990 முதல் இயங்கும் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம். சாதாரண வானொலி அலை கடல்நீரில் நுழையாது; பல கிலோமீட்டர் நீளமுள்ள மிகத் தாழ் அதிர்வெண் அலை மட்டும் பத்துப் பதினைந்து மீட்டர் இறங்கும். அதற்குத்தான் அவ்வளவு உயரக் கம்பங்கள். 1943-ல் ஜெர்மனி 'கோலியாத்' என்ற 1,000 கிலோவாட் நிலையத்தை இதற்கென்றே அமைத்தது. ஆனால் இது ஒருவழிப் பாதை; படகு கேட்கலாம், பதில் பேச முடியாது. பேச நினைத்த ஜெர்மன் படகுகள் மேலே வந்து சிற்றலையில் செய்தி அனுப்பின. காவல்கப்பலில் இருந்த திசைகாட்டும் ஏரியல் அந்தச் சில நொடிச் செய்தியையே பிடித்து, படகைத் துரத்த எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டது.